‘ஜட்ஜ்’ என்ற சொல்லின் முன்பாதி

தொலைபேசியில் மன உளைச்சலோடு அழைப்பவர்களிடம் பேசவேண்டிய தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 60 பக்கம். முதல் பத்துப் பக்கங்கள் தடையில்லாமல் ஓடின. பதினோராம் பக்கத்தில், அழைப்பவரிடம் தன்னார்வலர் காட்டவேண்டிய மனப்பான்மை எது என்று சொல்லும் இடத்தில், ‘நான்-ஜட்ஜ்மென்டல்’ என்ற ஒற்றைச் சொல் வழியை மறித்துக்கொண்டு நின்றது. முதலில் ‘முன்முடிவு இல்லாமல்’ என்று எழுதினேன். முன்முடிவு என்பது கேட்பதற்கு முன்னால் எடுப்பது. கையேடோ எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகும் அப்படியே இருக்கச் சொல்கிறது. ‘நடுநிலையோடு’ என்று மாற்றினேன். நடுவில் நிற்க இரண்டு தரப்பு வேண்டும். இங்கே மறுமுனையில் இருப்பவர் ஒருவர்தான், அவர் பக்கம் நிற்கத்தானே தன்னார்வலரை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ‘எடைபோடாமல்’ என்பது காதுக்கு நன்றாக இருந்தது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே, அழைப்பவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பதை அவருடைய பேச்சிலிருந்து கணிக்கவேண்டும் என்று இருந்தது. எடைபோடாதவர் அதை எப்படிக் கணிப்பார்? ஒரே ஆளிடம், ஒரே அழைப்பில், எடைபோடாதே என்றும் எடைபோடு என்றும் சொன்னதாக ஆகிவிடும். அந்த வரிக்கு மஞ்சள் நிறமிட்டு வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அந்த வாரக் கடைசியில்தான் தங்கை மகள் சென்னையிலிருந்து வந்தாள். அதிகாலை ஐந்தரை மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்து கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவன் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல. அவளுக்குப் பக்கத்தில், அவள் இடுப்பு உயரத்துக்கு நின்ற சக்கரம் வைத்த பையை. இரண்டு நாள் விடுமுறைக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு என்று மனம் கணக்குப் போட்டது. வேலையை விட்டுவிட்டாள், விடுதியைக் காலி செய்துவிட்டாள், இந்தத் தலைமுறைக்கே பொறுமை கிடையாது என்பது வரையில், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் எழுதி முடித்திருந்தேன். காபி குடித்து முடித்த பிறகு, எனக்குத் தெரிந்த அளவில் மிகச் சாதாரணமான குரலில், “அடுத்து என்னம்மா?” என்று கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “மாமா, ப்ளீஸ். ஜட்ஜ் பண்ணாதீங்க.” இரண்டு சொல்லில் ஒரு கேள்வி கேட்டவனை நீதிபதி ஆக்கிவிட்டாளே என்று எனக்குச் சுருக்கென்றது. கேள்வி கேட்பது எப்போதிலிருந்து ஜட்ஜ் பண்ணுவது ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். “அவ தூங்கட்டும், விடுங்க” என்று அவள் அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்ததால் பேச்சு அதோடு நின்றது.

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. கேள்வியை நான் கேட்டது காபிக்குப் பிறகு. தீர்ப்பை எழுதியது காபிக்கு முன்பு. அது என் குரலில் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. மேசையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ‘ஜட்ஜ்’, வீட்டுக்குள் காபி டம்ளரோடு ஒரு ‘ஜட்ஜ்’. இரண்டும் ஒன்றா என்று பார்க்கத் தொடங்கினேன்.

நான்கு ஜட்ஜ்கள்

தமிழில் இந்தச் சொல் இன்று நேற்று வந்ததல்ல. என் சிறு வயதில் ‘ஜட்ஜய்யா’ என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் இருப்பவர். அவருக்குக் கீழே முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும். பிறகு பள்ளிக்கூடத்துப் போட்டிகளில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவரும் ஜட்ஜ் ஆனார். அழைப்பிதழில் ‘நடுவர்’ என்று அச்சடித்திருந்தாலும் பிள்ளைகள் “ஜட்ஜஸ் வந்துட்டாங்க” என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது, கிரிக்கெட்டும் ஓட்டுநர்களும் கொண்டுவந்தது. “பந்து உள்ளே வருதான்னு ஜட்ஜ் பண்ணி விட்டுட்டான் பாரு” என்று வர்ணனையில் சொன்னால், மட்டையாளர் பந்தின் போக்கைச் சரியாகக் கணித்து ஆடாமல் விட்டார் என்று பொருள். இரவில் எதிரே வரும் லாரியின் தூரத்தை ஜட்ஜ் பண்ண முடியவில்லை என்று டிரைவர் சொல்வதும் அதே பொருளில்தான். இந்த மூன்றிலும் ஒருவர் பார்க்கிறார், அளக்கிறார், அதன்மேல் ஒரு முடிவுக்கு வருகிறார். லாரியின் தூரத்தை ஜட்ஜ் பண்ணாதே என்று எந்த டிரைவருக்கும் யாரும் சொல்வதில்லை.

நான்காவதுதான் புதியது. “ஜட்ஜ் பண்ணாதீங்க”, “அவங்க ரொம்ப ஜட்ஜ்மென்டல்”, இன்னும் இளையவர்கள் வாயில் வெறும் “ஜட்ஜி”. இதில் பார்ப்பதும் இல்லை, அளப்பதும் இல்லை. மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவரை மட்டமாக நினைப்பது என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. கவனித்தால் ஒன்று தெரியும். இந்த நான்காவது ஜட்ஜ் எப்போதும் எதிர்மறையிலேயே வருகிறது. பண்ணாதே, பண்ணமாட்டேன், பண்ணுறாங்க பாரு என்று குறையாக. “என்னை நல்லா ஜட்ஜ் பண்ணினாங்க” என்று மகிழ்ச்சியோடு சொன்னவரை நான் சந்தித்ததில்லை. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ‘குட் ஜட்ஜ் ஆஃப் கேரக்டர்’ என்றால் பாராட்டு, ‘குட் ஜட்ஜ்மென்ட்’ என்றால் விவேகம். ‘ஜட்ஜ்மென்டல்’ என்ற உரிச்சொல்லோ பிறரிடம் குற்றம் காண்பதில் அவசரப்படுகிறவர் என்ற வசைப்பொருளை 20ஆம் நூற்றாண்டில் ஏற்றுக்கொண்டது. பெயர்ச்சொல் நல்ல குடும்பத்தில் இருக்க, அதற்குப் பிறந்த உரிச்சொல் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வந்ததைப் போல.

இலத்தீனும் அதற்கு முன்பும்

இலத்தீனில் ‘யூடெக்ஸ்’ என்றால் சட்டத்தைச் சொல்பவர். ‘யூஸ்’ என்பது நியாயம் அல்லது சட்டம். பின்பகுதி சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அது பிரெஞ்சு வழியாக, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ஜட்ஜ் பண்ணாமலா இருந்தார்கள்? அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சொல் இருந்தது. வினையாக வந்தால் இன்றைய ‘டீம்’, பெயராக வந்தால் இன்றைய ‘டூம்’. டூம் என்றால் அன்று தீர்ப்பு, சட்டம்; அவ்வளவுதான். உலகின் கடைசி நாள் தீர்ப்பு நாள் என்பதால் அது ‘டூம்ஸ்டே’ ஆயிற்று. தீர்ப்பு பெரும்பாலும் பாதகமாகவே வந்திருக்கும் போலிருக்கிறது, நாளடைவில் அந்தச் சொல்லே அழிவு, கேடு என்று பொருள் மாறிப்போனது. நார்மானிய அரசர் முதலாம் வில்லியம் 1086இல் நாட்டின் பெரும்பகுதியில் நிலத்தையும் கால்நடையையும் கணக்கெடுத்து எழுதிய பதிவேட்டுக்கு மக்கள் வைத்த பெயர் ‘டூம்ஸ்டே புக்’. அதில் எழுதியதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதுதான் காரணம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் மான் தீவில் உயர் நீதிமன்ற நீதிபதிகளை இன்றும் ‘டீம்ஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

வினைச்சொல்லான ‘டீம்’ தன் கம்பீரத்தை இழந்து, ‘அவ்வாறு கருது’ என்ற அளவுக்கு இறங்கிவந்தது. அதை நாம் தினமும் பார்க்கிறோம், கவனிப்பதில்லை. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தில் 3ஆம் பிரிவு, பல்கலைக்கழகம் அல்லாத உயர்கல்வி நிறுவனம் ஒன்று பல்கலைக்கழகமாகக் ‘கருதப்படும்’ என்று மத்திய அரசு அறிவிக்கலாம் என்கிறது. அந்தக் கருதுதல்தான் டீம். நம் ஊர்ப் புறவழிச்சாலையில் மஞ்சள் பேருந்துகளின் முதுகில் எழுதியிருக்கும் ‘டீம்டு யுனிவர்சிட்டி’, நார்மானியருக்கு முந்திய ஆங்கிலேயரின் நீதிமன்றச் சொல். ‘நிகர்நிலை’ என்று தமிழாக்கியவர் யாரோ, நல்ல காரியம் செய்திருக்கிறார்.

இதோடு ‘சென்டென்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துப் பார்க்கலாம். பள்ளியில் அது வாக்கியம், நீதிமன்றத்தில் தண்டனை. மூலம் இலத்தீனில் உணர்தல் என்ற வினை. அதிலிருந்து கருத்து, கருத்தை வெளியிடும் வாக்கியம், நீதிபதி வெளியிடும் கருத்து, கடைசியில் ஆயுள் தண்டனை. உணர்வதில் தொடங்கிய சொல் சிறையில் போய் முடிகிறது. தீர்ப்புச் சொற்களுக்கே இப்படி ஒரு சரிவு இருக்கிறது போலும். ஆராய்வதில் கிளம்பி, கண்டிப்பதில் போய் நிற்கின்றன.

அடித்துத் திருத்திய இடத்தில்

தங்கை மகள் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் ஒரு பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். உச்சரிப்பு, கருத்து, மொழிநடை, மேடைத்தோரணை, நேரம் என்று ஐந்து கட்டம், கட்டத்துக்கு 20. மூன்றாவதாக வந்த பையன், “அவையோர் அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்” என்று தொடங்கினான். நாற்பது ஆண்டுகளாக இந்த வணக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் கை, அவன் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் கருத்துக் கட்டத்தில் 9 என்று எழுதிவிட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். மனப்பாடம் செய்ததில் ஏதோ ஒரு வரி அவனுக்கு மறந்துபோனது. கூரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுத் தன் ஆயா ரேஷன் கடை வரிசையில் தனக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்வதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். செங்கல்லுக்கு இருக்கிற மரியாதை ஆயாவுக்கு இல்லை என்றான். யாராவது முந்தினால் ஆயா செங்கல்லைத்தான் காட்டுவாராம், தன்னைக் காட்டமாட்டாராம். தலைப்பு ‘முதியோர் நலம்’. 9ஐ அடித்து 16 என்று எழுதினேன். போட்டி முடிந்ததும் ஒருங்கிணைப்பாளரான ஆசிரியை தாள்களை வாங்கிச் சரிபார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். “சார், அடிச்சுத் திருத்தின இடத்துல மட்டும் ஒரு சின்னக் கையெழுத்து.” போட்டேன்.

அந்தச் சின்னக் கையெழுத்தைத்தான் பின்னர் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். போட்டித் தாளில் திருத்துவதற்கு இடம் இருக்கிறது. திருத்தினேன் என்று ஒப்புக்கொள்வதற்கும் இடம் இருக்கிறது. பெரிய பையைப் பார்த்து நான் எழுதிய தாளில் அது இல்லை.

மொட்டைமாடி

அவள் வந்த இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போனது. மூவரும் மொட்டைமாடிக்குப் போனோம். கொசுத் தொல்லையில் அவள் அத்தை சீக்கிரமே இறங்கிவிட்டார். அவள் தானாகவே பேசத் தொடங்கினாள். பதினான்கு மாத வேலை. நான் மனத்துக்குள் எழுதியிருந்ததைவிட எவ்வளவோ நீளமான காலம். அவள் கடைசியாக எப்போது வேலை மாறினாள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். இரவு பதினொரு மணிக் கூட்டங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அலைபேசி, தோழிகள் இருவர் ஏற்கெனவே விட்டுப் போனது, அவர்களுடைய வேலையும் இவள் தலையில் விழுந்தது. அடுத்த வேலை கையில் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தபடி என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன நினைக்கிறீங்க மாமா?” என்றாள்.

எனக்கு இந்த முறை பாடம் மனப்பாடமாக இருந்தது. முந்தின நாள் காலையில் பட்ட சூடு ஒருபுறம், பதினோராம் பக்கம் ஒருபுறம். பக்குவமானவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. “உன் வாழ்க்கை, உன் முடிவு. நான் ஜட்ஜ் பண்ணமாட்டேன்மா” என்றேன். சொன்னபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எதிர்வீட்டில் யாரோ அவசர விளக்கை ஏற்றுவது தெரிந்தது. பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: “அதுக்கு நான் பஸ் ஏறி இங்க வந்திருக்கவே வேண்டாமே மாமா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

சில வாக்கியங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. நான் எழுந்து தொட்டியின் மூடியைச் சரி செய்வதுபோல் எதையோ செய்தேன். முந்தின நாள் ஜட்ஜ் பண்ணாதே என்றவள்தான் இன்று நான் ஜட்ஜ் பண்ணாததற்கு வருந்துகிறாள் என்று முதலில் தோன்றியது. இளையவர்களைப் பற்றிய வழக்கமான பெருமூச்சு ஒன்றும் தயாராக வந்தது. இரவு படுத்த பிறகுதான், அவள் இரண்டு நாளும் ஒன்றையேதான் கேட்டிருக்கிறாள் என்பது உறைத்தது. நான் முந்தின நாள் காலையில் செய்தது ஆராயாமல் தீர்த்தது. இரவில் செய்தது ஆராயவும் மறுத்தது. இரண்டிலும் இல்லாமல் போனது ஒன்றுதான். அவள் கொண்டுவந்து வைத்த விஷயத்தை நான் ஒரு முறைகூடக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. “ஜட்ஜ் பண்ணமாட்டேன்” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டால், கேட்டதைப் பற்றி யோசிக்கும் சிரமமும் கூடவே தப்பிவிடுகிறது. என் தோள்மேல் இருந்த பாரத்தை இறக்கி அவள் மடியில் வைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் கொடுத்திருக்கிறேன்.

தேர், தீர்

இந்த இடத்தில் தமிழ் ஒரு வசதி வைத்திருக்கிறது. நான்தான் நான்கு நாள் அதைத் தேடாமல் இருந்திருக்கிறேன். ஆங்கிலத்தின் ‘ஜட்ஜ்’ இரண்டு வேலைகளை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது: ஆராய்வது, முடித்துவைப்பது. நமக்கு அவை இரண்டு வினைகள். ஆராய்வது தேர்தல். முடிப்பது தீர்த்தல். கடனைத் தீர்க்கிறோம், பசியைத் தீர்க்கிறோம், அரிசி தீர்ந்துபோகிறது, ரவுடிகள் ஆளையே தீர்த்துவிடுகிறார்கள். வழக்கைத் தீர்த்தால் தீர்ப்பு. எல்லாவற்றிலும் ஒரு கதவு மூடப்படுகிறது. தேர்தலில் கதவு திறந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துத் தேர்வும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைக்கும் தேர்தலும் அந்த வேரிலிருந்து வந்தவையே. “தேறற்க யாரையும் தேராது” என்று குறள் சொல்கிறது. ஆராயாமல் யாரையும் நம்பிவிடாதே என்கிறதே தவிர, யாரையும் ஆராயாதே என்று சொல்லவில்லை. எப்படி ஆராய்வது என்பதற்கும் அதே அதிகாரத்தில் வழி இருக்கிறது: குணம் நாடி, குற்றமும் நாடி, அவற்றுள் மிகை நாடி, மிக்க கொளல். அந்த ‘குற்றமும்’ என்பதில் உள்ள உம்மையைப் பாருங்கள். குணத்தைத் தேடிய பிறகுதான் குற்றத்துக்கு முறை வருகிறது.

சிலப்பதிகாரத்தில் இது இன்னும் கூர்மை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டவுடன் பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரும்படி ஊர்க்காவலருக்குச் சொல்கிறான். அந்த இடத்தில் இளங்கோ அரசனைப் பற்றிச் சொல்லும் சொல் ‘தேரானாகி’. பின்னர் அவைக்கு வரும் கண்ணகி வாய்திறந்து சொல்லும் முதல் சொற்கள் ‘தேரா மன்னா’. கொடியவனே என்றோ கொலைகாரனே என்றோ தொடங்கவில்லை. நீ தேரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அவன் தீர்த்ததில் குறைவே இல்லை, உடனடியாகத் தீர்த்துவிட்டான்.

பைபிளின் மலைப்பிரசங்கத்தில் வரும் புகழ்பெற்ற வாக்கியத்தை ஆங்கில பைபிள் ‘ஜட்ஜ் நாட்’ என்று மொழிபெயர்த்தது. உலகம் முழுவதும் “ஜட்ஜ் பண்ணாதே” என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் வாக்கியம் அதுதான். தமிழ்நாட்டுச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன்: “நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்.” மூலத்தில் இருப்பது ஒரே கிரேக்க வினை, பிரித்தெடுத்தல், ஆராய்தல், தீர்ப்பிடுதல் எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழில் எழுதியவர்கள் அதை அப்படியே விடவில்லை. ‘குற்றவாளிகளென்று’ என்ற சொல்லைத் தங்கள் பொறுப்பில் சேர்த்து, எது கூடாது என்பதைக் குறுக்கிக் காட்டிவிட்டார்கள். ஏனென்றால் யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அதே இயேசு, அதே கிரேக்க வினையில், “தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்” என்கிறார். செய்யாதே என்பதும் செய் என்பதும் ஒரே வினையில் இருப்பதை அவர்கள் கவனித்திருக்கவேண்டும். சக்கரம் வைத்த பை ‘தோற்றம்’ என்ற கணக்கில் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நீதிமன்றத்துக்கே போனாலும் இதுதான் நிலைமை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 2(9)இல் ‘ஜட்ஜ்மென்ட்’ என்றால் என்ன என்று வரையறுக்கிறது. வழக்கின் முடிவுக்கு அது அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. ஒரு தீர்ப்பாணைக்கு அல்லது உத்தரவுக்கு நீதிபதி எடுத்துரைக்கும் காரணங்கள்தான் ஜட்ஜ்மென்ட். யாருக்கு வீடு, யாருக்குப் பணம் என்ற முடிவுக்குப் பெயர் டிக்ரி. “டிக்ரி ஆயிடுச்சு” என்று கட்சிக்காரர்கள் சொல்கிறார்களே, அது. ஆக, சட்டத்தின் கண்ணில் காரணம் சொல்லாத ஜட்ஜ்மென்ட் என்று ஒன்று கிடையாது. நாம் வீட்டு வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக் கொடுத்துக்கொள்பவை எல்லாம் காரணமில்லாத டிக்ரிகள்.

மஞ்சள் வரி

கையேட்டுக்குத் திரும்பினேன். ‘நான்-ஜட்ஜ்மென்டல்’ என்ற சொல் ஆலோசனைத் துறைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அமெரிக்க இயேசு சபைக் குருவும் சமூகப்பணிப் பேராசிரியருமான ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிய நூலில் போய் நின்றேன். உதவி நாடி வருபவருக்கும் பணியாளருக்கும் உள்ள உறவுக்கு அவர் வகுத்த ஏழு நெறிகளில் இது ஒன்று. சமூகப்பணி படித்தவர்களுக்கு இந்த ஏழும் வாய்ப்பாடு மாதிரி. அந்த நெறியை அவர் விளக்கும் இடத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. வந்தவர் குற்றவாளியா நிரபராதியா, அவருடைய கஷ்டத்துக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்று தீர்மானிப்பது பணியாளரின் வேலையல்ல என்பது முதல் பகுதி. அவருடைய மனப்போக்கையும் அளவுகோல்களையும் செயல்களையும் மதிப்பிடுவது பணியாளரின் வேலையில் அடங்கும் என்பது இரண்டாவது. முதல் பகுதி ஊரெல்லாம் பரவி மொட்டைமாடிவரை வந்துவிட்டது. இரண்டாவது பகுதி நூலிலேயே தங்கிவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டும் ஒன்றாக அடைந்து கிடந்ததால், ஒன்றை வெளியே எறிந்தபோது மற்றதும் சேர்ந்து போயிருக்கிறது என்று நினைக்கிறேன். தேர்தல் ஒரு சொல்லாகவும் தீர்த்தல் வேறொரு சொல்லாகவும் இருக்கும் மொழியில் இந்த இழப்பு நேர்ந்திருக்கவேண்டியதில்லை. நாம்தான் இரண்டையும் விட்டுவிட்டு ‘ஜட்ஜ் பண்ணு’ என்று ஒரே பொட்டலமாக வாங்கிக்கொண்டோம்.

மஞ்சள் வரியை இப்படி எழுதினேன்: “அழைப்பவரைக் குற்றவாளியென்று தீர்க்காதீர்கள், அவர் சொல்வதைத் தேர்ந்து பாருங்கள்.” ஒரு சொல்லுக்கு ஏழு சொல், மொழிபெயர்ப்பில் இது தோல்விதான், ஆனால் எனக்குப் பிடித்த தோல்வி. இரண்டு வாரம் கழித்துத் தொகுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ‘தேர்ந்து’ன்னா வாலன்டியர்ஸ் எலெக்‌ஷன்னு நினைச்சுக்குவாங்க” என்றார். அவர் பார்வையில் நியாயம் இருக்கிறது. ‘கவனித்து ஆராயுங்கள்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்றேன். ‘குற்றவாளியென்று’ என்பதும் கொஞ்சம் பயமுறுத்துகிறது என்றார். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாடிப் பேச்சுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, தங்கை மகளைப் பேருந்து ஏற்றிவிடப் போனோம். பெரிய பையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு கிளம்பினாள். சாமான்களை எடுக்கப் பிறகு வருவதாகச் சொன்னாள். நிலையத்தில் வண்டி புறப்பட அரை மணி நேரம் இருந்தது. இந்த முறை நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இரவுக் கூட்டங்களைப் பற்றி மேலே இருப்பவர்களிடம் எழுத்தில் சொன்னாளா, விட்டுப் போன தோழிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள். பதில் சொன்னாள். சிலவற்றுக்கு அவளிடம் பதில் இல்லை. கடைசியில் என் எண்ணத்தைச் சொன்னேன்: விட்டது சரி, வேறு வேலை கையில் இல்லாமல் விட்டது அவசரம், வீட்டில் சொல்லாமல் இருப்பது தவறு. மூன்றுக்கும் காரணம் சொன்னேன். இரண்டாவதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் விவரித்ததைக் கேட்ட பிறகு எனக்கும் அதில் பழைய உறுதி இல்லை என்றேன்.

“இதுவும் ஜட்ஜ்மென்ட்தான் மாமா” என்றாள்.

“ஆமாம். அடிச்சுத் திருத்தின இடத்துல கையெழுத்து போட்டாச்சு.”

அவளுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. பேச்சுப்போட்டிக் கதையைச் சொல்லத் தொடங்குவதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.